பின்வாசல்ல ஒரு சிட் அவுட்: 95,000-ன்னு ஆரம்பிச்சா எங்கே போய் நிக்கும்?



வீடு வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வர்றவங்க கேக்கறது வட்டி, முன்பணம், சிபில் ஸ்கோர். வாங்கி ரெண்டு வருஷம் ஆனதும் கேள்வி மாறிடும். மாடியில ஒரு ரூம் போடலாமா, முன்னாடி கார் ஷெட் போடலாமா, பின்னாடி ஒரு சிட் அவுட் இறக்கலாமா. இதுல கடைசிதான் இப்போ அதிகமா வருது. காரணம் உங்களுக்கே தெரியும். ரீல்ஸ்ல ஒரு சின்ன வீடு, பின்பக்கம் மரப்பலகைத் தளம், ரெண்டு நாற்காலி, மஞ்சள் சீரியல் பல்பு. பாத்ததும் மனசு போயிடுது.

அந்த மரத்தளத்தைப் பத்தி முதல்ல ஒரு வார்த்தை. அமெரிக்காவுல அந்த டெக் வழக்கமாப் போடறது மருந்து ஏத்தின பைன் மரத்துல. அங்கே வீடே மரச்சட்டத்துல நிக்குது, மரம் எல்லாக் கடையிலயும் கிடைக்குது, வேலை தெரிஞ்ச ஆளும் இருக்காங்க. நம்ம ஊர்ல கரையான் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். நல்ல மரம் போட்டா விலை தாங்காது, சாதா மரம் போட்டா தளம் தாங்காது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை கிடைக்குது, கரையான் தொல்லை குறைவு. ஆனா வெயில்ல அது நல்லா சூடாகும், கீழே சட்டமும் வேணும். சின்ன வீட்டுக்கு நம்ம தாத்தா காலத்துத் தாழ்வாரமே போதும்: மண் நிரப்பி, கான்கிரீட் தளம் போட்டு, மேலே சரிவா ஒரு ஷீட்.

இப்போ ஒரு உண்மைக் கணக்கு. கோவை கோவில்பாளையம் பக்கம் தனி வீடு வாங்கின ஒரு தம்பி, ஐ.டி. சப்போர்ட் வேலை. கையில வர்ற சம்பளம் 62,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 16,000. வீட்டுக் கடன் 30 லட்சம், மாசம் இ.எம்.ஐ. 26,500. இடம் 24-க்கு 50, அதாவது ரெண்டே முக்கால் சென்ட். பேர் வேண்டாம்னு சொல்லி கணக்கைப் போட சம்மதிச்சார்.

அவர் கேட்டது இதுதான்: "மேடம், பேங்க்ல ப்ரீ அப்ரூவ்டு லோன் ரெண்டு லட்சம் வந்திருக்குங்க. அதுல சிட் அவுட் போட்டுடலாமுங்களா?"

எதுக்கு இவ்வளவு அவசரம்னு கேட்டேன். அப்பா போன வருஷம் தவறிட்டார். ஊர்ல தனியா இருந்த அம்மாவை இங்கே கூட்டிட்டு வந்துட்டார். ஊர் வீட்டுல திண்ணை இருந்தது, காலையில அங்கே உக்காந்தா நாலு பேர் பேசிட்டுப் போவாங்க. இங்கே காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஹால்ல டி.வி. முன்னாடி. மூட்டு வலியால மாடி ஏற முடியல. பின்வாசல்ல ரெண்டடி இறக்கம், அதுக்கப்புறம் வெறும் மண்ணு. "அம்மா ஒண்ணும் சொல்லலைங்க, அதான் கஷ்டமா இருக்கு"ன்னார்.

கூடவே இன்னொரு தகவல். மனைவிக்கு நவம்பர்ல பிரசவம். அதுக்கப்புறம் ஒரு வருஷமாவது வேலைக்குப் போகப் போறதில்லை. அந்த 16,000 நின்னுடும்.

இந்த இடத்துலதான் கணக்குப் போடணும். ஆசை நியாயமானது, செலவும் நியாயமானது. ஆனா மாசம் 16,000 நிக்கப் போற நேரத்துல வருது.

மேஸ்திரி சொன்ன தொகை

மேஸ்திரி வாயால சொன்னது: தளம் வரைக்கும் 65,000, கூரை சதுர அடிக்கு 210 ரூபாய். தம்பி 10-க்கு 14 அடி, 140 சதுர அடின்னு பெருக்கி, 29,400 சேர்த்து, 95,000-ல முடிஞ்சிடும்னு நினைச்சுட்டார்.

முதல் ஓட்டை கூரையில. ஃபேப்ரிகேஷன்காரங்க தரையை அளக்க மாட்டாங்க, ஷீட்டை அளப்பாங்க. சாரல் அடிக்காம இருக்க முன்னாடியும் பக்கத்துலயும் ஷீட் நீட்டிக்கிட்டு இருக்கணும், சரிவுக்கும் நீளம் கூடும். இவங்க வீட்டுக்கு ஷீட் அளவு 11.5-க்கு 16, அதாவது 184 சதுர அடி. 210 வீதம் 38,640. இங்கேயே ஒன்பதாயிரம் போச்சு. இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை, தொழில்ல அளக்கற முறையே அதுதான். கொட்டேஷன் வாங்கும்போது "எந்த அளவுக்கு ரேட்?"னு ஒரு கேள்வி கேட்டா தெளிவாயிடும். கூடவே பைப் கனம் எத்தனை மி.மீ., ஷீட் கனம் எத்தனை மி.மீ.னு எழுதி வாங்குங்க. 0.35 மி.மீ. ஷீட்டும் 0.5 மி.மீ. ஷீட்டும் கீழே நின்னு பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். விலை ஒண்ணு இல்லை, ஆயுசும் ஒண்ணு இல்லை.

ரெண்டாவது, கொட்டேஷன்லயே இல்லாத விஷயங்கள். நான் அவரை வீட்டுப் பின்பக்கத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதுல என்ன தெரிஞ்சதுன்னா, தளம் வரப் போற இடத்துக்கு நடுவுல செப்டிக் டேங்க் மூடி. மேலே டைல்ஸ் ஒட்டி மூடிட்டா, டேங்க் நிறையற அன்னைக்கு உடைக்கணும். மூடியைத் தள மட்டத்துக்கு உயர்த்தி, தூக்கற மாதிரி வைக்க 4,000. ஓரத்துல போர்வெல். கூரை அதுக்கு மேலே வந்துட்டா, மோட்டார் ரிப்பேர் ஆகற நாள்ல 20 அடி பைப்பை மேலே தூக்க முடியாது. அந்த இடத்துல மட்டும் ஷீட்டைத் தனியா ஸ்க்ரூ போட்டு, கழட்டற மாதிரி அமைக்கச் சொன்னோம். செலவு எதுவும் இல்லை, முன்னாடியே சொன்னா போதும்.

மத்ததெல்லாம் சின்னச் சின்னதா சேரும். மழைத்தண்ணி பக்கத்து வீட்டு இடத்துல விழாம இருக்க கட்டரும் பைப்பும் 5,500. லைட், ஃபேன், ஒரு பிளக் 6,500. மூணு படி 4,500. அம்மா பிடிச்சு இறங்க கைப்பிடி 6,000. இது இல்லாம இந்தச் செலவுக்கே அர்த்தம் இல்லைன்னு நான் அடம் பிடிச்சேன். வண்டி வாடகை, கட்டட இடிபாடு அள்ளறது 3,000. வழுக்காத டைல்ஸ், ஒட்டற கூலியோட 16,000. இது மேஸ்திரி சொன்ன "தளம்"ல சேரலை. அவர் தளம்னு சொன்னது கான்கிரீட் வரைக்கும்தான். டைல்ஸ் இல்லாத அந்த வேலையைப் பிரிச்சுக் கேட்டதுல 65,000 குறைஞ்சு 58,000 ஆச்சு. அந்த ஒரு இடத்துலதான் தொகை கீழே வந்தது.

மொத்தம் 1,42,140. எதிர்பாராத செலவுக்கு 10% வெச்சா 1,56,000 கிட்ட. 95,000-னு ஆரம்பிச்சது.

லோன் எடுத்தா?

ஒண்ணரை லட்சம் கடன்னு வெச்சுப் பாப்போம். ப்ரீ அப்ரூவ்டு பர்சனல் லோன் அவருக்கு 14% காட்டுச்சு. மூணு வருஷம்னா மாசம் 5,127, மொத்த வட்டி சுமார் 34,500.

வீட்டுக் கடன் கொடுத்த பேங்க்கே 9%-க்கு டாப் அப் தர்றேன்னு சொல்லுச்சு. அவங்க காட்டின இ.எம்.ஐ. 1,521. கேக்கவே இனிக்குது இல்லையா? ஆனா அது 15 வருஷத்துக்கு. மொத்த வட்டி சுமார் 1,23,800. வட்டி விகிதம் குறைஞ்ச கடன், கட்டற வட்டியில மூணரை மடங்கு. அந்தக் கடன் முடியறப்போ பிறக்கப் போற குழந்தை பத்தாவது பரீட்சை எழுதிட்டிருக்கும்.

அதே டாப் அப்பை மூணு வருஷத்துல கட்டினா மாசம் 4,770, வட்டி சுமார் 21,700. மாறும் வட்டியில இருக்கற தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க பேங்க் அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அதனால டாப் அப் கெட்டதுன்னு நான் சொல்லலை. காலத்தைக் குறைச்சு வாங்கினா நல்ல கடன்தான். ஆனா ப்ராசஸிங் ஃபீஸ், லீகல் ஃபீஸ், சில இடத்துல அடமான ஆவணத்தை மறுபடி பதியற செலவு எல்லாம் ஒண்ணரை லட்சத்துக்கும் வரும். சின்னத் தொகைக்கு அது கடிக்கும்.

நகைக் கடன்? அம்மாவோட வளையலை வெச்சு அம்மாவுக்குத் திண்ணை கட்டறது எனக்கு ஒப்பலை. கணக்கா பாத்தாலும், வருஷக் கடைசியில மொத்தமா திருப்பணும்ங்கற நகைக் கடன்ல, பிரசவ வருஷத்துல அந்தத் தொகையைப் புரட்ட முடியாது.

"டாப் அப் எடுத்தா டாக்ஸ் பெனிஃபிட் உண்டுங்க"ன்னு பேங்க்ல ஒருத்தர் சொல்லியிருக்கார். இதைப் பிரிச்சுப் பாப்போம். இவர் புது வரி முறையில இருக்கார். அதுல தான் குடியிருக்கற வீட்டுக்கான கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. அதோட புது முறையில 12 லட்சம் வரைக்கும் வருமானம் இருந்தா தள்ளுபடி போக வரி பூஜ்யம். சம்பளக்காரங்களுக்கு நிலையான கழிவு 75,000-ஐச் சேர்த்தா 12.75 லட்சம். இவர் சம்பளம் அதுக்கு ரொம்பக் கீழே. கட்டாத வரியில என்ன மிச்சம்?

பழைய முறையில இருக்கறவங்களுக்கும் பெருசா எதுவும் இல்லை. நாம 24(பி)-ன்னு பழகின பிரிவுல, ரிப்பேர், புதுப்பிப்புக் கடன் வட்டிக்கு வருஷம் 30,000 வரைதான். அதுவும் 2 லட்சம் மொத்த வரம்புக்குள்ளேயே அடங்கும். 30 லட்சம் கடனோட ஆரம்ப வருஷ வட்டியே ரெண்டரை லட்சத்தைத் தாண்டும், அப்போ வரம்பு ஏற்கெனவே நிறைஞ்சிருக்கும். அசலுக்கு 80சி கிடைக்குமான்னு கேப்பீங்க. குடிபோன பிறகு செய்யற கூடுதல் கட்டுமானம், மாற்றம், ரிப்பேர் எதுவும் 80சி-ல வராது, அந்தப் பிரிவே அப்படித்தான் சொல்லுது.

சேமிப்புல இருந்து எடுத்தா?

"அப்போ கடனே வேண்டாம், எமர்ஜென்சி ஃபண்ட் 1,90,000 இருக்குங்களே"ன்னார். சேனல்ல நான் திரும்பத் திரும்ப சொல்றதைக் கேட்டுச் சேர்த்த பணம்தான் அது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதையே எடுக்கலாமா?

இவங்க வீட்டுக்கு இ.எம்.ஐ. 26,500, மத்த அத்தியாவசியச் செலவு 24,000. ஆக மாசம் 50,500. 1,90,000-ங்கறது நாலு மாசத்துக்குக் கூட வராது. அதுல 1,42,000 எடுத்தா மிச்சம் 48,000. ஒரு மாசத்துக்கே 2,500 குறையுது. கம்பெனி இன்சூரன்ஸ்ல பிரசவத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. ஆபரேஷன் ஆகி, குழந்தையை ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சாங்கன்னா வரம்பைத் தாண்டும். அந்த நேரத்துல பணம் ஷீட்டா மாறி வீட்டுக்குப் பின்னாடி நின்னுட்டிருக்கும்.

"வீட்டு மதிப்பு கூடுமே மேடம்?"னு கேட்டார். எல்லாரும் கேக்கறதுதான். பேங்க் மதிப்பீட்டாளர் பாக்கறது சென்ட் விலையும், அப்ரூவ்டு பிளான்ல இருக்கற கட்டடப் பரப்பும். பிளான்ல இல்லாத ஷீட் கொட்டகைக்கு அவர் மதிப்புப் போடமாட்டார். வாங்க வர்றவர் "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு, இடத்துக்கு மட்டும்தான் பேரம் பேசுவார். சிட் அவுட் முதலீடு கிடையாது, செலவு. அம்மாவுக்காகச் செய்யற நல்ல செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டா, செலவுக்கான பணத்துல இருந்துதான் அது வரணும்.

என்ன செஞ்சோம்

வேலையை ரெண்டாப் பிரிச்சோம். இது பணத்துக்காக மட்டும் இல்லை. ரெண்டடி இறக்கத்தை நிரப்ப ரெண்டரை யூனிட் கிராவல் போகுது. புதுசா நிரப்பின மண்ணு என்னதான் தண்ணி விட்டுத் திம்சுக் கட்டையால இடிச்சாலும் ஒரு மழைக்காலம் போனாத்தான் முழுசா அமரும். அதுக்கு முன்னாடி டைல்ஸ் ஒட்டினா மட்டம் இறங்கி விரிசல் விடும். மேஸ்திரிகிட்ட கேட்டதும், "அது உண்மைதானுங்க, ஆனா யாரு காத்திருக்கறாங்க"ன்னார்.

முதல் கட்டம் ஆகஸ்ட்ல. ஓரச் சுவர், மண், கான்கிரீட், மேலே சிமென்ட் பூச்சு, படி, கைப்பிடி, செப்டிக் மூடி. 75,500. ஜூலையில வந்த இன்சென்டிவ் 40,000, மூணு மாசமா மாசம் 12,000 எடுத்து வெச்சது 36,000. மொத்தம் 76,000. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடலை. கூரைக்குப் பதிலா பச்சை ஷேட் நெட், கட்டற கூலியோட 2,800. மழை தாங்காது, வெயில் தாங்கும். அம்மா படி இறங்கி வந்து உக்கார அது போதும்.

ரெண்டாவது கட்டம் கூரை, கட்டர், கரண்ட், டைல்ஸ். 66,640. ஆகஸ்ட்லிருந்து மாசம் 7,500 ஆர்.டி., ஒன்பது மாசம், 67,500. மனைவி சம்பளம் நின்ன பிறகும் 62,000-ல 50,500 போக 11,500 மிஞ்சுது, அதனால ஆர்.டி. ஓடும். மே மாசம் முதிர்வு, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாடி கூரை. விலை கொஞ்சம் ஏறலாம், ஆர்.டி. வட்டி அதுல ஒரு பங்கைத் தாங்கும்.

பிரசவத்துல ஏதாவது ஆச்சுன்னா ஆர்.டி.யை நிறுத்திட்டு, கூரையைத் தள்ளிப் போடலாம். பாதி வேலையில தொங்கற கடன் எதுவும் இருக்காது. எனக்கு இந்தத் திட்டத்துல பிடிச்சதே அதுதான்.

நீங்க தொடங்கறதுக்கு முன்னாடி

அப்ரூவ்டு பிளானை எடுத்துப் பாருங்க. பின்பக்கம் எத்தனை அடி காலியா விடணும்னு அதுல இருக்கும். இவங்களுக்கு 5 அடி. பின்பக்கம் இருந்த 15 அடியில 10 அடியோட நிறுத்தி, கடைசி 5 அடியைத் தொடலை. அப்புறமும் நிரந்தரக் கூரைக்கு அனுமதி வேணுமான்னு பிளான் போட்ட இன்ஜினியர்கிட்டயும் உள்ளாட்சி அலுவலகத்துலயும் கேட்டுடுங்க. "பக்கத்து வீட்டுல போட்டிருக்காங்களே"ங்கறது நோட்டீஸ் வந்தா பதிலாகாது. கூரை போட்ட பரப்பு கூடினா அரையாண்டு சொத்து வரியும் கூடலாம், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

மேஸ்திரிக்கு மொத்தமா முன்பணம் வேண்டாம். சனிக்கிழமை கூலி அவர் ஆட்களுக்குப் போய்ச் சேரணும், அதுக்குத் தகுந்த மாதிரி வேலை முடிய முடிய கொடுங்க. யுபிஐ-ல கொடுத்து, குறிப்புல "பின் சிட் அவுட், தளக் கூலி"ன்னு எழுதுங்க. வருஷம் 20 லட்சத்துக்குள்ள வருமானம் உள்ள சின்ன ஒப்பந்தக்காரருக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவா தேவையில்லை. அப்படிப் பதிவே இல்லாதவர் உங்ககிட்ட ஜிஎஸ்டி கேக்கக் கூடாது. கடைப் பொருளுக்குக் கட்டாயம் பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து சிமென்ட்டுக்கு 28% இருந்த வரி 18% ஆயிடுச்சு. யாராவது இன்னும் 28 போட்டா பில்லைத் திருப்பிக் கொடுங்க.

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்"னு கடையில சொல்வாங்க. ஷீட்டுக்கு வாரன்டி கேக்கப் போனா முதல்ல கேக்கறது அந்த பில்லைத்தான். இன்னொரு காரணமும் இருக்கு. பின்னாடி ஒரு நாள் வீட்டை வித்தா, இந்த மாதிரி கூடுதல் கட்டுமானச் செலவை வீட்டை மேம்படுத்தின செலவா லாபத்துல கழிக்கலாம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5%. ஒண்ணரை லட்சத்துக்கு ஆதாரம் இருந்தா 18,750 ரூபாய் வரி குறையும். ஆதாரம் இல்லாட்டி எனக்குத் தெரிஞ்ச எந்த சி.ஏ.வும் அதைப் போட மாட்டாங்க. கடை பில் மை ரெண்டு வருஷத்துல அழிஞ்சிடும், அதனால வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து, பத்திரம் ஸ்கேன் வெச்சிருக்கற அதே ஃபோல்டர்ல போட்டுடுங்க.

தம்பியோட ஆர்.டி. இப்போ ஆறாவது தவணையில இருக்கு. பொண்ணு பிறந்திருக்கா. காலை வெயிலுக்குக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு அம்மா அந்தத் தளத்துல உக்காந்திருக்கற போட்டோ அனுப்பியிருந்தார். பின்னாடி சிமென்ட் பூச்சுல ஒரு ஓரமா மயிரிழை விரிசல் தெரியுது. மண் அமருது, அவ்வளவுதான். டைல்ஸுக்கு முன்னாடி அந்த இடத்தைத் தட்டிப் பாத்து, வெத்துச் சத்தம் வந்தா கொத்திட்டுப் பூசச் சொல்லியிருக்கேன்.